ஊசி இல்லாத கிள்ளல்

அந்த ஆராய்ச்சி மையத்தில் பெரியக்காவின் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் மேடம் வரை எல்லோருக்கும் அவள் பெரியக்கா. மேற்குக் கூண்டில் உள்ள சிம்பன்சிகளைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள். எத்தனை என்று கேட்டால் "ஏழு பேர்" என்பாள். வெறுமனே ஏழு என்று அவள் வாயில் வந்ததே இல்லை. மையத்துக் காகிதங்களில் ஒவ்வொன்றும் ஓர் எண், ஓர் 'அது'. பெரியக்காவுக்கோ அவன், அவள். சேட்டை மிஞ்சிய நாட்களில் அந்த உருப்படாதவன்.

உருப்படாதவன் என்ற பட்டம் பெரும்பாலும் வாலுவுக்குத்தான் கிடைக்கும். ஆறு வயதுப் பயல். சிம்பன்சிக்கு வால் கிடையாது என்பது பெரியக்காவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவன் செய்கிற காரியங்களுக்கு வேறு பெயர் எதுவும் ஒட்டவில்லை. கூண்டு கழுவும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தண்ணீரை அவள் முகத்துக்கே திருப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவனைப் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கூட்டத்தில் மூத்தவள் கிழவி. நாற்பதைத் தாண்டியவள். முதுகில் முடி உதிர்ந்து, கீழுதடு தொங்கி, எந்நேரமும் யாரையோ குறை சொல்லப் போகிறவளின் முகம். பழக்கூடையை வைத்தால் கிழவி ஒன்றை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். மீதி ஐந்து பேரில் இரண்டு பேர் நடுவயதுக்காரிகள், மூன்று பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

இந்த ஏழு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் படுக்கும் அறையின் இழுப்புக் கதவைத் திறந்ததும் ஒருவர் இன்னொருவரிடம் போய் இடது கையை நீட்டுவார். மற்றவர் அந்தக் கையைத் திருப்பி, முழங்கையின் உள்மடிப்பில் இரண்டு விரலால் லேசாகக் கிள்ளுவார். பிறகு கிள்ளிய இடத்து முடியைக் கோதிவிடுவார். அடுத்து இவர் முறை. சண்டை போட்டு, கடித்து, கத்தி ஊரைக் கூட்டிய பிறகும் சமாதானம் இப்படித்தான் முடியும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் கிழக்குக் கூண்டில் இருந்த ஒன்பது பேருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. உலகத்தில் வேறெங்கும் எந்தச் சிம்பன்சியும் இப்படிச் செய்ததாக யாரும் எழுதியதில்லை.

மேடம் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆராய்ச்சித் தலைவியாக இங்கே வந்தபோது முதலில் கண்ணில் பட்டது இதுதான். பார்த்த நாளில் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். நல்ல மனுஷி, அதையும் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். நடுவயதுக்காரி ஒருத்தியின் குட்டி இறந்துபோனபோது நடைபாதையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவர் அந்த வழக்கத்தைப் பற்றி எழுதினார், பேசினார், படம் காட்டினார். இது சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, இந்தக் கூட்டம் தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட பண்பாடு என்றார். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். வாலுவின் கை ஒரு பத்திரிகை அட்டையில் வந்தது. மையத்தில் எல்லோரும் அந்தக் கிள்ளலைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

பண்பாடு என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்ட அன்று பெரியக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கிள்ளல் எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி கிழவி. இன்னொருத்தி அவள்.

இங்கே வருவதற்கு முன்னால் பெரியக்கா ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். கிழவியும் அங்கேதான் இருந்தாள், அப்போது அவள் பெயர் நாற்பத்தொன்று என்ற எண்தான். புதுப்புது மருந்துகளை ஏற்றிப் பார்ப்பதும் இரத்தம் எடுப்பதும்தான் அங்கே நாள்தோறும் நடந்தது. மற்ற ஆட்கள் கூண்டின் பின்சுவரை முன்னால் தள்ளி, விலங்கைக் கம்பியோடு நசுக்கிப் பிடித்து ஊசி போட்டார்கள். பெரியக்காவுக்கு அது பிடிக்கவில்லை. திராட்சைச் சாற்றையும் பொறுமையையும் வைத்துக்கொண்டு நாலு மாதம் பாடுபட்டாள். நாற்பத்தொன்று தானாகவே வந்து கம்பி இடைவெளியில் இடது கையை நீட்டக் கற்றுக்கொண்டது. ஆய்வுக்கூடமே மெச்சியது. பெரியக்காவுக்கும் பெருமை தாங்கவில்லை. அடிக்காமல், நசுக்காமல், அன்பாலேயே வேலை வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டாள். அந்த அன்பால் ஆயிரம் ஊசிக்கு மேல் போட்டிருப்பாள்.

ஆய்வுக்கூடத்தை மூடியபோது நாற்பத்தொன்றை இங்கே அனுப்பினார்கள். பெரியக்காவும் பின்னாலேயே விண்ணப்பம் போட்டாள். பழைய வேலை என்ன என்ற இடத்தில் 'கூண்டு துப்புரவு' என்று எழுதினாள். முதல் நாள் காலை அவளைப் பார்த்ததுமே கிழவி எழுந்து வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையை வெளியே நீட்டினாள். பெரியக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஊசி இறங்கும் இடத்தில் இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளி, அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள். மறுநாளும் கை நீண்டது. மறுநாளும் கிள்ளினாள். மாதக்கணக்காயிற்று. ஒருநாள் கிழவி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கையை நீட்டினாள். பிறகு அவளே மற்றவர்களின் கையைத் திருப்பிக் கிள்ளத் தொடங்கினாள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பார்த்தது இந்தக் கிள்ளலை மட்டும்தான். ஊசியை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. வருடாந்திரப் பரிசோதனைகூட சாற்றில் மயக்க மருந்து கலந்து, தூங்கவைத்த பிறகுதான் நடக்கும். அந்தக் கை அவர்களுக்கு வெறும் பிரியம். பெரியக்கா தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். கூண்டு இருக்கும்வரை அது அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் மேடம் ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுப் புதுத் திட்டத்தைச் சொன்னார். பழக்கம் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் பரவுமா என்று பார்க்க வேண்டுமாம். அதற்காகக் கிழவியை மட்டும் பிரித்துக் கிழக்குக் கூண்டில் விடப் போகிறார்கள்.

"எத்தனை நாளைக்கு மேடம்?" என்று பெரியக்கா கேட்டாள்.

"பரவுற வரைக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகலாம்."

"அவளுக்கு அவ்வளவு ஆயுசு இருக்கணுமே."

"தெரியும் பெரியக்கா. அதனாலதான் சீக்கிரம் செய்யணும்கிறேன்."

கிழக்குக் கூண்டின் தலைவன் எப்படிப்பட்டவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருடம் புதிதாக விட்ட ஒருத்தியின் காது மடலைக் கடித்துத் துப்பியவன். அவனுடைய கூண்டில் கிழவி போய், கண்டவனிடமெல்லாம் கையை நீட்டுவதைப் பெரியக்காவால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் நாலு திருகைக் கழற்றிப் பார்க்காமல் கருத்துச் சொல்லாத ஆள்.

"உண்மையைச் சொன்னா திட்டம் நிக்குமா?" என்றார்.

"நிக்கும். நான் சொல்லிக்கொடுத்ததுன்னு தெரிஞ்சா அது பண்பாடே இல்லைன்னு ஆயிடும்ல. அப்புறம் எதுக்குப் பரவுதான்னு பார்க்கணும்?"

"உன் வேலை போகுமே?"

"போனா போகட்டும். பொய் சொல்லி வந்த வேலைதானே."

அவர் கருவிப் பையில் திருகுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார். கடைசியில், "அளவா சொல்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ ஆரம்பிச்சா அடிமட்டம் வரைக்கும் போவே," என்றார். நாற்பது வருடத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே நல்ல யோசனையை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மேடம் வந்த நாளிலிருந்து கூண்டு ஆட்கள் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். பார்த்ததைச் சொல்லணும். ஒன்றையும் விடக்கூடாது. எந்தக் கை, எந்த விரல், எத்தனை தடவை, முன்னால் என்ன, பின்னால் என்ன. ஏன் என்று மட்டும் எழுதக்கூடாது, அது ஆராய்ச்சி செய்கிறவர்களின் வேலை. தினமும் எட்டு மணி நேரம் இப்படி எழுதி எழுதி, பெரியக்காவுக்குக் கடைக்குப் போய் வந்ததைக்கூட வேறு மாதிரி சொல்ல வராது. "வலது கையால பையை எடுத்தான், ரெண்டு தடவை எட்டிப் பார்த்தான்" என்று கடைக்காரனைப் பற்றிப் பேசி வீட்டுக்காரரிடம் கேலிக்கு ஆளானவள்.

மறுநாள் மேடத்தின் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் நடுவில் ஒரே ஒரு தடவைதான் குறுக்கிட்டார்.

"பெரியக்கா, இதைப் பதிவு பண்ணிக்கட்டுமா?"

"பண்ணிக்குங்க மேடம். இனிமே மறைக்க என்ன இருக்கு."

கம்பியை மோதிரவிரல் கணுவால் இரண்டு தட்டு தட்டுவேன் என்றாள். "நல்ல பிள்ளை, கை குடு" என்று தாழ்ந்த குரலில் ஒரே ஒரு தடவை சொல்வேன் என்றாள். இடது தோளைக் கம்பி வலைக்கு ஒட்டி நிற்கவைப்பேன். ஊசியை முகத்துக்கு நேரே கொண்டுபோக மாட்டேன், இடுப்பு உயரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுப்பேன். சாறு முதலில் இல்லை, குத்திய பிறகுதான். சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. முக்கால் மணி நேரம் பேசினாள். முடித்தபோது மேடத்தின் கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்து பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய விஷயத்தை மனசுக்குள்ள வெச்சிருந்திருக்கீங்க."

"கிழவியைக் கிழக்குக் கூண்டுக்கு அனுப்பாதீங்க மேடம். என்னை வேணா அனுப்பிடுங்க."

"அனுப்ப மாட்டேன். அந்தத் திட்டத்தை இன்னிக்கே நிறுத்திடறேன். நீங்களும் எங்கேயும் போக வேணாம்."

அன்று பெரியக்கா வீட்டுக்குப் பேருந்தில் போகவில்லை. நடந்தே போனாள். வழியில் ஒரு கடையில் நின்று வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை எடுத்தாள். இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று தெரிந்திருந்தால் ஐந்து வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மேடத்தின் அறை விளக்கு மாலையிலும் எரிந்தது. கூட்டங்கள் நடந்தன, அவளைக் கூப்பிடவில்லை. நடைபாதையில் பார்க்கிறவர்கள் முன்னைவிட மரியாதையாகத் தலையசைத்தார்கள். மேற்குக் கூண்டில் கூடுதலாக இரண்டு கேமராக்களைப் பொருத்தினார்கள். இரண்டுமே வலையின் ஒரே இடைவெளியைப் பார்த்தபடி இருந்தன. அதைப் பார்த்ததும் பெரியக்காவுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்து கேட்காமல் இருந்துவிட்டாள்.

நாலாவது வாரம் மேடமே கூப்பிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"பெரியக்கா, நீங்க சொன்னது எங்க வேலையைக் கெடுக்கல. பத்து மடங்கு பெரிசாக்கிடுச்சு. வலிக்காகப் பழக்கின ஒரு செய்கை, ஒரு தலைமுறை தாண்டினதும் அன்பா மாறியிருக்கு. இது வரைக்கும் எங்கேயும் யாரும் பார்த்ததில்லை."

"அப்படியே மாறினதாவே இருக்கட்டுமே மேடம்."

"இருக்கும். ஆனா ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. பிள்ளைங்களுக்குப் போனது செய்கை மட்டும்தானா, இல்ல அடியில அந்தப் பழைய அர்த்தமும் போயிருக்கா? தெரிஞ்சுக்க ஒரு வழிதான். அந்தப் பழைய முறையிலேயே வாலுவுக்கு ஒரு ஊசி போட்டுப் பார்க்கணும்."

பெரியக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. மருந்து ஒண்ணுமில்ல, வருஷா வருஷம் பரிசோதனைக்கு எடுக்கற இரத்தம்தான். மயக்கி எடுக்கறதுக்குப் பதிலா முழிச்சிருக்கும்போது எடுக்கறோம். நெறிமுறைக் குழுவே இதுதான் இரக்கமான முறைன்னு எழுதிக் கொடுத்திருக்கு."

"அந்தப் பயலுக்கு அந்தக் கை வெறும் கை மேடம். அதுல ஊசியைக் குத்திட்டா அவன் அப்புறம் யாருக்கிட்ட கையை நீட்டுவான்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்," என்றார் மேடம். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்பதாக அவர் நினைத்தார்.

பெரியக்கா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். நான் போட மாட்டேன் என்றாள். சரி, வேறு ஆள் போடுவார் என்றார்கள். நெறிமுறைக் குழுவின் தலைவரைப் போய்ப் பார்த்தாள். அவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கோப்பைத் திறந்து காட்டினார். விலங்குக்குத் துன்பம் குறைவு என்பதற்கு ஆதாரமாக அவளுடைய பேச்சையே வரிக்கு வரி சேர்த்திருந்தார்கள். ஆறு வருடம் ஒரு தடவைகூட நசுக்கிப் பிடிக்காமல் போட்டேன் என்று அவள் பெருமையாகச் சொன்ன வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட எண்ணினாள். விட்டால் கிழவி யார் முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்து அந்த எண்ணத்தையும் விட்டாள்.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு அவளைக் கண்ணாடிக்குப் பின்னால் மேடத்தின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அந்தக் கண்ணாடி வழியே இவர்களுக்கு அவர்கள் தெரிவார்கள், அவர்களுக்கு இவர்கள் தெரிய மாட்டார்கள். கையில் பலகையும் பேனாவும் கொடுத்தார்கள். ஊசி போட வந்தவர் கூண்டு வேலையில் அவளோடு இருப்பவர்தான். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர் என்பதால் எல்லோரும் ஆம்புலன்ஸ்காரர் என்பார்கள். பெரிய உடம்பு, சின்னக் குரல். உள்ளே போகும் முன் அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க அக்கா. வேலைன்னு சொல்லிட்டாங்க," என்றார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் வைத்திருந்தார்.

அவர் வலையருகே போய்த் தாளைப் பார்த்தார். மோதிரவிரல் கணுவால் கம்பியை இரண்டு தட்டு தட்டினார். மறுபடி தாளைப் பார்த்தார். "நல்ல பிள்ளை, கை குடு," என்று தாழ்ந்த குரலில் படித்தார். ஒலிபெருக்கி வழியாக அந்த வார்த்தைகள் வந்து விழுந்தபோது பெரியக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளுடைய வார்த்தைகள். அவளுடைய இழுவைகூட அப்படியே இருந்தது. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியிருக்கிறார், பாவம்.

ஆம்புலன்ஸ்காரர் என்றால் வாலுவுக்கு உயிர். விளையாடக் கூப்பிடுகிறார் என்று உருண்டு புரண்டு ஓடிவந்தான். இடைவெளிக்கு முன்னால் நின்று, உடம்பைக் குலுக்கிவிட்டு, இடது கையை நீட்டப் போனான்.

அப்போதுதான் பின்பக்க மேடையில் படுத்திருந்த கிழவி எழுந்தாள். அவள் உடம்பில் மிச்சமிருந்த முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. அந்த இரண்டு தட்டையும் அந்த வார்த்தையையும் அவள் கேட்டுப் பதினான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதெல்லாம் மேடையிலிருந்து இறங்கவே யோசிப்பவள், நேராக இறங்கி வந்து வாலுவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினாள். அவன் இரண்டு குட்டிக்கரணம் போட்டு விழுந்தான். கிழவி இடது தோளை வலையில் ஒட்டினாள், கையை வெளியே நீட்டினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிள்ளையைக் காப்பாற்ற வந்தாளா, பழைய கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வந்தாளா என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நேரம் எழுதுங்க," என்று கிசுகிசுத்தார்.

பெரியக்கா எழுதவில்லை. பலகையை நாற்காலியில் வைத்துவிட்டு நடைபாதை வழியாக உள்ளே ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. அவளையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

"கிழவி, வேணாம். நான்தான். கையை உள்ள எடு."

குரலைக் கேட்டுக் கிழவி கண்ணைத் திறந்தாள். ஆம்புலன்ஸ்காரர் பக்கம் நீட்டியிருந்த கையை மெதுவாகப் பெரியக்காவின் பக்கம் திருப்பினாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியக்கா வழக்கம்போல இரண்டு விரலால் கிள்ளினாள். முடியைக் கோதினாள். கை அசையவில்லை. சாற்றைக் காட்டினாள். கிழவி வாயைத் திறக்கவில்லை. "போதும், போதும்," என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். கம்பியில் தோல் சிராய்த்ததே தவிர கை உள்ளே போகவில்லை. விலகிப் போய்க் கதவருகே நின்றுகொண்டாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோதும் கை அப்படியே நீண்டிருந்தது. முழங்கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆறு வருடத்தில் கையைக் கொடு என்று கற்றுக்கொடுத்தாளே தவிர, எடுத்துக்கொள் என்பதற்கு ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொடுத்ததில்லை. தேவைப்பட்டதே இல்லை. 'கை குடு' என்று சொல்லிவிட்டால் பிறகு ஊசி இறங்கியே தீரும். அதற்கு முன்னால் கையை இழுத்தால் சாறும் கிடையாது, அன்று முழுவதும் சாப்பாடும் கிடையாது என்பது ஆய்வுக்கூடத்தின் சட்டம். முதல் மாதத்தில் சில தடவை அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது அவள்தான். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, அவளுக்கே மறந்துபோயிருந்தது. கிழவிக்கு மறக்கவில்லை.

"அக்கா, ரொம்ப நடுங்குது," என்றார் ஆம்புலன்ஸ்காரர். அவர் முகம் வெளுத்திருந்தது. "எதாவது செய்ங்க அக்கா."

வலைக்கு அந்தப் பக்கம் மற்ற ஆறு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. வாலு எல்லோருக்கும் முன்னால், கிழவியின் விலாவை ஒட்டி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கியில் மேடத்தின் குரல் மிருதுவாக வந்தது. "பெரியக்கா, உங்க இஷ்டம். நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்."

பெரியக்கா ஆம்புலன்ஸ்காரர் கொண்டுவந்திருந்த தட்டிலிருந்து ஊசியை எடுத்தாள். இடுப்பு உயரத்தில், பக்கவாட்டிலிருந்து. கை தானாகச் செய்தது. இத்தனை வருடம் கழித்தும் நரம்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. கிழவி சிணுங்கவில்லை. ஊசி வெளியே வந்ததும் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள், வேலை முடிந்தது என்பதைப் போல. சாற்றுக்குக்கூட நிற்காமல் மேடைக்கு ஏறிப்போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

வாலு அவள் பின்னாலேயே ஏறினான். கிழவியின் கையைத் திருப்பி உள்மடிப்பைப் பார்த்தான். சின்னதாக ஒரு பொட்டு இரத்தம் கசிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தான், நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிப் பெரியக்காவைப் பார்த்தான், ரொம்ப நேரம். கையில் இன்னும் ஊசி இருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து அந்த இடத்தை முகர்ந்துவிட்டு விலகினார்கள். விலகியவர்கள் ஒருவருக்கொருவர் எட்டி எட்டி உட்கார்ந்தார்கள்.

"வாலு," என்று கூப்பிட்டாள். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். அவன் இடது கையை வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்து, அதன்மேல் குனிந்துகொண்டான்.

கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அர்த்தமும் சேர்ந்து போகுமா என்ற கேள்விக்குப் பதில் அன்று கிடைத்ததா என்று மேடத்துக்கே நிச்சயம் இல்லை. மூன்று மாதம் பார்க்க வேண்டும் என்றார், பார்த்தார்கள். இழுப்புக் கதவு தினமும் காலையில் திறந்தது. ஏழு பேரும் வெளியே வந்து, ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள். சண்டை வந்தால் அந்தச் சண்டை இப்போதெல்லாம் முடிவதில்லை. சண்டை போட்டவர்கள் களைத்துப் போய் விலகிக் கிடந்தார்கள். யாரும் யாருக்கும் கை நீட்டவில்லை. எத்தனை தடவை கை நீண்டது என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளும் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திடுவது பெரியக்காவின் வேலையாக இருந்தது. ஏன் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.